ஒட்டாமல் விட்ட ஸ்ரிக்கர்

எங்கள் துறைக்குச் சிறப்பு மலர் ஒன்று போடுகிறார்கள். விரிவுரையாளர் ஒவ்வொருவரைப் பற்றியும் அரைப்பக்கம் வேண்டுமாம். ஹன்னா மிஸ்ஸைப் பற்றி எழுத என்னைப் பிடித்தார்கள், பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் இருபத்திரண்டு வருடமாக நான்தான் உதவியாளர் என்பதால். பிறந்தது இணுவில், தகப்பன் ஐசாக் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியர், யப்பானில் கலாநிதிப் பட்டம், ஆராய்ச்சி நிறப்பார்வையும் திரைகளும் என்று எழுதினேன். வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகள் என்ற இடத்தில் நான்கு என்று போட்டேன். மலர்க்குழுவில் இருக்கும் இளம் விரிவுரையாளர் கோபிசங்கர் அதை வாசித்துவிட்டு, "இவ்வளவு வருசத்திலை நாலுதானோ?" என்று சிரித்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அவனுடைய மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி எறிந்திருப்பேன். ஐந்தாவது கட்டுரைக்கு என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியாது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். சம்மதம் வாங்கவேண்டியவர்களிடம் வாங்கிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

என் பெயர் அருட்செல்வன், ஊர் சண்டிலிப்பாய். படித்தது பெரிதாக ஒன்றுமில்லை. மிஸ் கேட்கிற பெட்டியைச் செய்து கொடுப்பேன், வயரைப் பிடிப்பேன், வாயை மூடிக்கொண்டிருப்பேன். இதில் மூன்றாவதைத்தான் மிகவும் திறமாகச் செய்தேன். அதற்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

மிஸ் நிறத்தைப் படித்தவர், ஆனால் உடுப்பதெல்லாம் சாம்பல் நிறச் சேலை. உடுப்பின் நிறம் திரையில் பட்டால் அளவு பிழைத்துவிடுமாம். மாணவர்கள் அவருக்குச் "சாம்பல் மிஸ்" என்று பெயர் வைத்திருந்தார்கள். கலியாணம் கட்டவில்லை. காலையில் மருதனார்மடம் சந்தைக்குப் போனால் தக்காளிக் கடைக்காரரோடு ஒரு சண்டை நிச்சயம். அவர்கள் மேலே சிவப்புத் தறப்பாள் கட்டியிருப்பார்கள், கீழே செங்காய்கூடப் பழமாகத் தெரியும். மிஸ் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வெயிலில் பிடித்துப் பார்ப்பார். "மிஸ் வந்திட்டா, தறப்பாளைக் கழட்டுங்கோடா" என்று அவர்கள் பகிடி பண்ணுவார்கள். மிஸ்ஸும் சிரிப்பார். அந்தக் காலத்தில் அவர் நன்றாகச் சிரிப்பார்.

அவருடைய ஆராய்ச்சியை எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். நூறு ஆண்களை எடுத்தால் அதில் நாலைந்து பேருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. பிறவியிலேயே அப்படித்தான், மருந்து இல்லை. பல பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. தெரிந்தவர்கள் ஒளிப்பார்கள். திரை செய்கிறவர்களோ போகலாம் என்றால் பச்சை, போகாதே என்றால் சிவப்பு என்று எல்லாவற்றையும் அந்த இரண்டு நிறத்திலேயே வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்கும் பிரிந்து தெரியும்படி திரையின் நிறங்களை மாற்ற முடியுமா என்பதுதான் மிஸ்ஸின் கேள்வி. திரையைப் பார்த்துப் பிழைக்கிற சாதாரண ஆட்களை வைத்துச் சோதிக்க விரும்பினார். அதனால் 2018ஆம் ஆண்டு நாங்கள் குருநகருக்குப் போனோம்.

கடற்தொழிலாளர்களின் வள்ளங்களில் இப்போது சின்னத் திரையோடு ஜிபிஎஸ் கருவி இருக்கிறது. ஓடிப் பழகின வழியைப் பச்சைக் கோடாகப் போட்டு வைப்பார்கள். கடலுக்கடியில் பார் என்கிற பாறைத் திட்டும் பழைய இரும்பும் கிடந்து வலையைக் கிழிக்கிற இடங்களைச் சிவப்பால் அடையாளம் பண்ணுவார்கள். பங்குச் சுவாமியார் தேவாலய மண்டபத்தைத் திறந்துவிட்டார். நூற்றுப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். ஒரு புத்தகத்தில் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் இலக்கத்தைச் சொல்லவேண்டும், பிறகு திரையில் கோடுகளைப் பார்த்து நிறம் சொல்லவேண்டும்.

முப்பத்தேழாவது ஆள் எமில்ராஜ். அப்போது ஐம்பது வயதிருக்கும், நல்ல உடற்கட்டு, குரலும் அப்படித்தான். புத்தகத்தில் இருந்த இலக்கங்களைக் கடகடவென்று சொல்லிவிட்டார். வரிசையில் நின்றபோது முன்னுக்கு நின்றவர்கள் சொன்னதைப் பாடமாக்கியிருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. திரைக்கு வந்ததும் கோடுகள் ஒவ்வொருவருக்கும் மாறி மாறி வரும், பாடமாக்க முடியாது. அவர் பச்சையைச் சிவப்பு என்றார், சிவப்பைப் பச்சை என்றார், நெற்றி வியர்த்தது. மிஸ் மற்றவர்களை வெளியே தேத்தண்ணீர் குடிக்க அனுப்பினார்.

"மிஸ், உதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்றார் எமில்ராஜ். "முந்தி அண்ணையோடை தொழிலுக்குப் போனனான், அவர் பாத்துச் சொல்லுவார். அவர் பிரான்ஸுக்குப் போனாப் பிறகு நான் குருட்டு வாக்கிலைதான் ஓடுறன். மகள் லவீனாவுக்குப் பேசி முற்றாகிற நேரம். பரம்பரையிலை கண்ணிலை குறை எண்டு ஒரு கதை எழும்பினால் மாப்பிளை வீட்டார் விட்டிட்டுப் போயிடுவினம்."

"சொல்லமாட்டம் எமில் அண்ணை. நீங்கள் கையெழுத்து வைச்ச படிவத்திலேயே அப்பிடித்தான் எழுதிக் கிடக்கு. ஒருத்தருடைய முடிவையும் நாங்கள் வெளியிலை கதைக்கக்கூடாது" என்றார் மிஸ். சாட்சியாக நானும் கையெழுத்து வைத்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மிஸ்ஸுக்கு அந்த மனிதர் குருட்டு வாக்கில் ஓடுகிறார் என்பது தாங்கவில்லை. அடுத்த கிழமை அவருடைய ஜிபிஎஸ்ஸை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். திரையில் ஒட்டி ஒளியை அளக்கிற சின்னக் கருவி ஒன்று எங்களிடம் இருக்கிறது. அளந்தால், அந்த மலிவுத் திரையில் சிவப்புக்கும் பச்சைக்கும் வெளிச்சம்கூட ஒரே அளவு. நிறம் தெரியாதவர்கள் வெளிச்ச வித்தியாசத்தை வைத்தாவது பிடிப்பார்கள், இவருக்கு அந்த வழியும் இல்லை. மிஸ் இரண்டு நாள் இருந்து, ஓடும் வழியையெல்லாம் நீலமாகவும், ஆபத்தான இடங்களையெல்லாம் மஞ்சளாகவும் மாற்றினார். அப்படிப்பட்ட கண்ணுக்கு மிக நன்றாகப் பிரிகிற இரண்டு நிறங்கள் அவைதானாம். எமில்ராஜ் திரையைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார், பிறகு அழுதுவிட்டார். "என்ரை கடலை இண்டைக்குத்தான் மிஸ் காணுறன்" என்றார். நானும் அழுதேன், சொல்வதற்கென்ன.

மிஸ் கவனமானவர். கருவியின் ஓரத்தில் ஒட்ட ஒரு சின்ன ஸ்ரிக்கர் அடித்திருந்தார்: "மஞ்சள் – ஆபத்து. போகவேண்டாம்." நான்தான் கத்தரிக்கோலால் வெட்டினேன். எமில்ராஜ் ஒட்ட விடவில்லை. "உதை ஒட்டினால் எல்லாரும் கேப்பினம் மிஸ். ஊர் முழுக்கச் சிவப்பு வைச்சிருக்க எமில் மட்டும் ஏன் மஞ்சள் வைச்சிருக்கிறான் எண்டு. வள்ளம் என்ரை, பாக்கிறது நான் ஒராள்தானே?" மிஸ் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு ஸ்ரிக்கரை மேசை லாச்சிக்குள் போட்டு மூடினார்.

லவீனாவின் கலியாணத்துக்கு எங்களுக்கும் அழைப்பு வந்தது. மாப்பிள்ளை றெக்சன், மன்னார்ப் பக்கம் பேசாலைப் பெடியன். பேச்சு முற்றானதிலிருந்தே வள்ளத்தடிக்கு வந்து போனவன், நம் வழக்கப்படி பெண் வீட்டுக்கே வந்துவிட்டான். நல்ல துடியாட்டமான ஆள், கலியாணத்தன்றே கோட்டைக் கழற்றிவிட்டுக் கதிரை தூக்கினான். எங்களுக்குச் சோடா கொண்டுவந்து தந்துவிட்டு, மாமனாரைக் காட்டிச் சிரித்துக்கொண்டே சொன்னான்: "மாமா மாமியைத் தனிய விட்டிட்டுப் போவார், உந்த ஜிபிஎஸ்ஸை விட்டிட்டுப் போகார். நான் பக்கத்திலை போனாலே துணியைப் போட்டு மூடுறார். மீன் படுற இடமெல்லாம் அதுக்கைதான் கிடக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். மீன் படுகிற இடத்தைத் தொழிலாளர் சொந்தத் தம்பிக்கும் சொல்லமாட்டார்கள், அது ஊர் அறிந்த பகிடி. மிஸ் சிரிக்கவில்லை. வரும் வழியில், "அருள் அண்ணை, அந்தப் பிள்ளைக்கு மட்டுமாவது சொல்லச் சொல்லி எமில் அண்ணையிட்டைக் கேப்பமோ?" என்றார். "கலியாணம் முடிஞ்சு ஒரு நாள் ஆகேல்லை மிஸ், கொஞ்சம் பொறுங்கோ" என்றேன். அதைச் சொன்னது நான்தான்.

பத்து மாதம் போனது. மிஸ் கட்டுரையை எழுதி அனுப்பினார், வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்று ஏற்றுக்கொண்டது. அதில் ஒரு வசனம் எனக்கு வாசித்துக் காட்டித் தமிழில் சொன்னார்: "முப்பத்தேழாம் பங்கேற்பாளர் மாற்றிய நிறங்களோடு பதினொரு மாதம் கடலில் தொழில் செய்தார். பாதகம் எதுவும் ஏற்படவில்லை."

2019 ஆனி மாதம் எமில்ராஜ் காய்ச்சலில் விழுந்தார். வள்ளம் நாலு நாள் சும்மா கிடந்தது. அதுவரை வேறு வள்ளத்தில் தொழிலுக்குப் போன றெக்சன், ஐந்தாம் நாள் விடியற்காலை மாமனாரை எழுப்பாமல், அவரோடு வழக்கமாகப் போகிற தேவராசாவைக் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போனான். தேவராசாவுக்குக் கருவி பார்க்கத் தெரியாது. எழுவைதீவுக்கு அப்பால் போனதும் றெக்சன் திரையில் மஞ்சளைக் கண்டிருக்கிறான். பேசாலையில் அவன் ஓடிய வள்ளத்தில் மீன் படுகிற இடத்துக்குத்தான் மஞ்சள் போடுவார்களாம். "மாமா ஒளிச்சு வைச்ச இடம் உதுதான் தேவராசா அண்ணை, இண்டைக்கு ஒருக்காப் பாப்பம்" என்று சிரித்துக்கொண்டு நேரே அங்கே விட்டான். வலை போட்டார்கள், அடியில் கிடந்த இரும்பில் மாட்டிக்கொண்டது. கத்தியோடு இறங்கினான். நீரோட்டம் வலையை அவன் மேல் சுற்றிவிட்டது. தேவராசா கத்திக் கத்தி மற்ற வள்ளங்களைக் கூப்பிட்டு, எல்லோருமாக அவனை மேலே எடுத்தபோது உயிர் இல்லை. லவீனாவுக்கு அப்போது மூன்று மாதம்.

தேவராசா நடந்ததை நடந்தபடி சொன்னார். ஊர் அதைத் தன்பாட்டுக்கு விளங்கிக்கொண்டது. மாமன் காய்ச்சலில் கிடக்க, அவருடைய இடத்தைக் களவெடுக்கப் போனான், கடல் பிடித்துக்கொண்டது. செத்த வீட்டிலேயே அப்படிக் கதைத்தார்கள். எமில்ராஜ் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். அது மீன் படுகிற இடமல்ல என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி ஏன் மஞ்சள் என்பதுதான்.

ஒரு கிழமைக்குப் பிறகு அவர் ஆய்வுகூடத்துக்கு வந்து மிஸ்ஸின் காலில் விழப் பார்த்தார். "மிஸ், எனக்குத் தந்த வாக்கை மறந்திடாதேங்கோ. மகளுக்குத் தெரிஞ்சால் என்னை அப்பா எண்டு கூப்பிடமாட்டாள். எனக்கு வேறை பிள்ளையும் இல்லை." மிஸ் சரி என்று தலையை ஆட்டினார். அவர் போன பிறகு லாச்சியைத் திறந்து அந்த ஸ்ரிக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் அவர் சொன்னதைக் கேட்டிருக்கக்கூடாது அருள் அண்ணை. ஒட்டியிருக்கவேணும்" என்றார்.

அன்று பின்னேரமே சஞ்சிகைக்கு எழுதிக் கட்டுரையைத் திருப்பி எடுத்துக்கொண்டார். பாதகம் எதுவும் ஏற்படவில்லை என்ற வசனம் பொய்யாகிவிட்டது, உண்மையை எழுதவும் வாக்கு விடவில்லை. அந்தக் கட்டுரை வந்திருந்தால் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்திருப்பார். ஏன் விட்டுவிட்டார் என்று துறையில் கேட்டபோது, "தரவு பிழைச்சுப் போச்சு" என்று மட்டும் சொன்னார். சோம்பல் என்றார்கள், வயசு போகிறது என்றார்கள். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். அதன் பிறகு மிஸ் சந்தையில் தக்காளியை வெயிலில் பிடித்துப் பார்ப்பதை விட்டுவிட்டார். கொடுத்ததை வாங்கிக்கொண்டு வருவார்.

ஆறு வருடம் அப்படியே கழிந்தது. எமில்ராஜின் மனைவி லூர்த்தம்மாவும் இடையில் தவறிவிட்டார்.

போன ஐப்பசியில் லவீனா தன் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு ஆய்வுகூட வாசலில் வந்து நின்றாள். முதலாம் வகுப்பில் படிக்கிறானாம். மாமர இலைக்கு மண்ணிறம் தீட்டினான் என்று ரீச்சர் பேசிவிட்டாராம். "நீங்கள் முந்தி எங்கடை கோயில் மண்டபத்திலை நிறம் சோதிச்ச மிஸ்தானே? இவனை ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ" என்றாள். மிஸ் பிள்ளையைக் கதிரையில் இருத்தினார். சோதித்தார். புத்தகத்தைக் காட்டினால், "இலக்கம் இல்லை மிஸ், புள்ளி மட்டும்தான் இருக்கு" என்றான் பிள்ளை.

"அவனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரியாது. பயப்பிட ஒண்டுமில்லை லவீனா, படிப்புக்கு ஒரு குறையும் வராது. நான் ரீச்சருக்குக் கடிதம் தாறன்" என்றார் மிஸ்.

லவீனா பிள்ளையின் தலையைத் தடவினாள். பிறகு முகம் கடுத்தது. "அவரின்ரை பக்கத்தாலை வந்ததோ? களவெடுக்கப் போய்ச் செத்து என்னையும் சந்தியிலை விட்டார். பிள்ளைக்கும் உதைத்தான் தந்திட்டுப் போனாரோ?"

"இல்லை" என்றார் மிஸ். அவர் குரல் அவ்வளவு உரத்து நான் கேட்டதில்லை. "தகப்பனிட்டை இருந்து மகனுக்கு உது வராது. தாய் வழியாய்த்தான் வரும். தாய்க்கு எல்லா நிறமும் தெரியும், கொண்டுவந்து குடுப்பா, அவ்வளவுதான்."

"அப்ப எனக்கு ஆர் தந்தது?"

லூர்த்தம்மா வழியாக என்று சொல்லிவிடலாம். அப்படியும் வருவதுண்டு, செத்தவர் எழும்பி வந்து மறுக்கப் போகிறாரா? சொல்லுங்கோ மிஸ், சொல்லுங்கோ என்று மனதுக்குள் கெஞ்சினேன். பிறகுதான் உறைத்தது, றெக்சனுக்கும் நாங்கள் இதைத்தானே செய்தோம் என்று.

மிஸ் சோதனைப் புத்தகத்தை மூடி வைத்தார். "நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. நான் கேட்டதெண்டு சொல்லுங்கோ. அவர்தான் உங்களுக்குச் சொல்லவேணும்."

எமில்ராஜ் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். நன்றாக இளைத்துப் போயிருந்தார், கடலுக்குப் போவதை விட்டு ஆறு வருடம். தானாகவே திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். "போடுங்கோ மிஸ்" என்றார். இரண்டு கோடுகள் வந்தன. "மகள், உதிலை சிவப்பு எது?"

லவீனா விளங்காமல் விரலால் காட்டினாள்.

"எனக்கு ரெண்டும் ஒண்டுதான் மகள். பிறந்த நாள் தொட்டு அப்பிடித்தான்." பிறகு மண்டபத்தில் நடந்ததையும், கலியாணப் பேச்சையும், மாற்றிய நிறங்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். மஞ்சளுக்கு வந்ததும் அவரால் முடியவில்லை. மிஸ் லாச்சியைத் திறந்து ஸ்ரிக்கரை எடுத்து லவீனாவின் முன்னால் வைத்தார்.

"இதை நான் ஒட்டியிருக்கவேணும். அப்பா வேண்டாமெண்டார், நான் விட்டிட்டன். பிழை என்ரையும்தான் லவீனா" என்றார்.

லவீனா அதை எடுத்து எழுத்துக் கூட்டுகிற பிள்ளையைப் போல மெதுவாக வாசித்தாள். இரண்டாம் முறையும் வாசித்தாள். "அப்ப அங்கை மீன் படுறேல்லையோ அப்பா? களவெடுக்க அங்கை ஒண்டுமே இருக்கேல்லையோ?"

"பழைய இரும்புதான் மகள்."

"ஆறு வருசம்" என்றாள் அவள். "ஒவ்வொரு வருசமும் மரித்தோர் திருநாளுக்கு எல்லாரும் சேமக்காலைக்கு மெழுகுதிரி கொண்டு போகேக்கை நான் வீட்டிலை இருந்தன். ஆசை பிடிச்சுச் செத்தவனுக்கு என்ன திரி எண்டு இருந்தன். நீங்கள் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள் அப்பா." அவள் சத்தம் போட்டு அழவில்லை. ஸ்ரிக்கரைக் கைப்பைக்குள் வைத்தாள், பிள்ளையைத் தூக்கினாள், தகப்பனுக்காக நிற்காமல் போய்விட்டாள். எமில்ராஜை நான்தான் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் வீட்டில் விட்டேன்.

நவம்பர் இரண்டாம் திகதி மரித்தோர் திருநாள். மிஸ் தானாக, "போவம் அருள் அண்ணை" என்றார். பின்னேரம் சேமக்காலை முழுக்கச் சனம். மழை தூறித் தூறி விட்டுக்கொண்டிருந்தது, ஆட்கள் கையால் பொத்திப் பொத்திக் கல்லறைகளில் திரி கொளுத்தினார்கள். றெக்சனின் கல்லறையில் புல் பிடுங்கிப் புது மணல் போட்டிருந்தது. லவீனாவும் பிள்ளையும் முழங்காலில் நின்றார்கள். எமில்ராஜ் நாலு கல்லறை தள்ளி நின்றார், கிட்ட வரவில்லை. சிலுவையில் றெக்சனின் பெயருக்குக் கீழே அந்த ஸ்ரிக்கர் ஒட்டியிருந்தது. மழையில் நனையாமல் இருக்க மேலே கண்ணாடி ஒட்டுநாடாவும் ஒட்டியிருந்தாள்.

போகிறவர்கள் எல்லோரும் நின்று வாசித்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள். தேவராசா வந்தார். குனிந்து வாசித்தார். "மஞ்சள் – ஆபத்தோ? என்ன பிள்ளை உது? ஆர் ஒட்டினது?" என்று கேட்டார்.

"நான்தான் ஒட்டினனான். எல்லாரும் கேக்கட்டும் எண்டுதான்" என்றாள் லவீனா. அதற்கு மேல் அவள் சொல்லவில்லை, திரும்பித் தகப்பனைப் பார்த்தாள்.

எமில்ராஜ் அந்த நாலு கல்லறையையும் கடந்து வந்தார். "எனக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது தேவராசா" என்றார், அந்தப் பழைய பெரிய குரலில். பக்கத்தில் திரி கொளுத்திக்கொண்டு நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். அவர் நிறுத்தாமல் தொடக்கத்திலிருந்து சொல்லத் தொடங்கினார். மிஸ் என் பக்கத்தில் நின்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.